பூசையில் மரியாதை: சுவாமி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஞாயிறு காலைப் பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும் மதில் ஓரத்தில் ஒரு சின்ன மாநாடு கூடும். திருகோணமலையில் எந்தக் கத்தோலிக்கக் கோயில் வாசலிலும் இதைப் பார்க்கலாம். "முந்தியெல்லாம் கோயில் கோயில் மாதிரி இருந்தது. இப்ப கல்யாண மண்டபம் மாதிரிக் கிடக்கு" என்பார் ஒரு பெரியவர். "கடவுள் என்ன பொலிஸ்காரரா, பயந்து பயந்து கும்பிட? அவர் எங்கட அப்பா" என்பான் கீபோர்ட் வாசிக்கிற பெடியன். நடுவில் நிற்கிற ஒருவர், "எல்லாம் அந்த வத்திக்கான் சங்கம் செய்த வேலை" என்று, 1960களில் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பெருங்கூட்டத்தின் மேல் பழியைப் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதோடு எல்லோரும் பாண் வாங்கப் போய்விடுவார்கள்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் பல விடயங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிறார்கள். மொழி, பாட்டு, சுவாமி (பூசை வைக்கிற குருவானவர்) நிற்கிற திசை, நற்கருணைப் பேழை இருக்கிற இடம், கட்டடத்தின் வடிவம், நாங்கள் உடுத்துக்கொண்டு வருகிற உடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

செத்த வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை

ஒரு செத்த வீட்டுக்குப் போகிறோம். படலையைத் தாண்டியதும் குரல் தானாகத் தணிகிறது. கை போய்ப் போனின் சத்தத்தைக் குறைக்கிறது. விறாந்தையில் கதிரை காலியாக இருந்தாலும் முதலில் உள்ளே போய்ப் பெட்டியடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வந்து இருக்கிறோம். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. அடுத்த கிழமை அதே ஆட்கள் கல்யாண வீட்டுப் பந்தலில் நின்று ஊர் கேட்கச் சிரிப்பார்கள். அதுவும் சரிதான். இடமும் அங்கே நடக்கிற காரியமும் மாறியதும் உடம்பும் மாறிக்கொள்கிறது.

வழிபாட்டில் மரியாதை என்று சொல்வதும் இதைத்தான். இங்கே யார் இருக்கிறார், என்ன நடக்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயம் அதில் ஒரு சிறு பங்குதான். எங்கள் வீடுகளில் அப்பாவின் மடியில் இருந்துகொண்டே அவரை "நீங்கள்" என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! நெருக்கம் இருந்தால் மரியாதை போய்விடும் என்பது தமிழ் வீட்டில் எடுபடாத கதை. கீபோர்ட் தம்பிக்கும் பெரியவருக்கும் இந்த ஒரு இடத்தில் சமாதானம் செய்து வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். திருவழிபாடு என்பது திருச்சபை முழுவதும் சேர்ந்து, வகுத்த ஒழுங்கின்படி செய்கிற பொது வழிபாடு. பூசை, அதாவது திருப்பலி, அதில் முதன்மையானது. இரவு குடும்பமாகப் பாயில் இருந்து செபமாலை சொல்வது அந்தக் கணக்கில் வராது. அது பக்தி முயற்சி. பக்தி முயற்சியில் எங்கள் இஷ்டம் ஓடலாம், எத்தனை பாட்டும் படிக்கலாம். திருவழிபாடு பொதுச் சொத்து. அதில் ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கைவைத்தால் மற்றவர்களுக்கு உறைப்பது அதனால்தான்.

கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதை

கட்டடத்துக்கு வருவோம். பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் மேய்கிற பாதையில் ஏறி, சுவாமி மலை உச்சியில் இருக்கிற அந்தச் சைவக் கோயிலுக்குப் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். முதலில் கோட்டை வாசல், பிறகு கடைகள், செருப்பைக் கழற்றுகிற இடம், உள்ளங்காலைச் சுடுகிற தரை, மண்டபம், கடைசியில் மூலஸ்தானம். ஒவ்வொரு இடத்திலும் எதையோ விட்டுவிட்டுத்தான் மேலே போகிறோம். முதலில் வாகனம், பிறகு செருப்பு, பிறகு வாய்ப்பேச்சு. மூலஸ்தானத்துக்கு நேரே வரும்போது கண்ணுக்கு வேறு வேலை இல்லை. வீட்டிலும் சின்ன அளவில் இதே ஏற்பாடுதான். தபால்காரர் படலையோடு நிற்பார், சீட்டுக்காரர் விறாந்தை வரை வருவார், மச்சான் நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறப்பான்.

கத்தோலிக்கக் கோயிலும் இப்படிப் படிப்படியாக உள்ளே இழுக்கிற கட்டடம்தான். 1852இல் கட்டிய புனித மரியாள் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கண் கூசுகிற வான நீல முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வெளிச்சம் தணிகிறது. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கும். விரலை நனைத்துச் சிலுவை போடுகிறோம். நடுவில் சனம் இருக்கிற நீளக் கூடம். முன்னால் சில படிகள் உயர்ந்த பீடப்பகுதி. அங்கே நற்கருணைப் பேழை, பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. நற்கருணைப் பேழை என்பது பூசையில் அர்ப்பணித்த அப்பத்தைப் பூட்டிவைக்கிற சிறு பெட்டி. அப்பம் உள்ளே இருக்கும் வரை விளக்கை அணைக்க மாட்டார்கள்.

கத்தோலிக்க நம்பிக்கையில் அந்த அப்பம் கிறிஸ்துவின் நினைவுச் சின்னம் என்பதோடு நின்றுவிடாது. கிறிஸ்துவே அங்கே இருக்கிறார். ஒரு முழந்தாளைத் தரையில் ஊன்றி வணங்கிவிட்டு வாங்கில் போய் இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. இந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் பேழை எங்கே இருக்க வேண்டும் என்ற சண்டை வெறும் தளபாடச் சண்டையாகிவிடும்.

இதுவரை வந்தது இரண்டு விடயம். மரியாதை என்பது உடம்பு கற்றுக்கொள்கிற பாடம்; கட்டடம் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். வாத்தியார் குழம்பினால் பிள்ளைகளும் குழம்பும்.

பலியா, விருந்தா?

சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பூசைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, பலி: கல்வாரி மலைச் சிலுவையில் கிறிஸ்து தம்மையே கொடுத்தது அந்தப் பீடத்தில் எங்கள் முன் வருகிறது. மற்றது, விருந்து: பெரிய வியாழன் இரவு சீடர்களோடு மேசையில் இருந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தது. திருப்பலி என்று சொல்லும்போது தமிழ் முதலாவதைப் பிடித்துக்கொள்கிறது. நற்கருணை விருந்து என்னும்போது இரண்டாவதை. (பலிபீடம் என்ற சொல்லே சைவக் கோயிலில் கொடிமரத்தடியில் இருக்கிற கல்லுக்கும் எங்கள் பீடத்துக்கும் பொது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது புதினமில்லை.)

பலி என்று நினைத்துக் கட்டினால் கோயில் நீளமாக வரும். எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்போம். நடுப்பாதை ஒரு யாத்திரைப் பாதை மாதிரி இருக்கும். பீடம் உயரத்திலும் கொஞ்சம் தூரத்திலும் நிற்கும். விருந்து என்று நினைத்துக் கட்டினால் வட்டமாகவோ விசிறி மாதிரியோ வரும். பீடம் நடுவுக்கு வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் 1967இல் திறந்த கத்தோலிக்கப் பேராலயம் அப்படி வட்டமானது, பீடம் நட்டநடுவில்.

இரண்டு வடிவத்துக்கும் சொல்ல ஒரு உண்மை உண்டு. ஆபத்தும் இரண்டிலும் உண்டு. நீளக் கோயிலில் பின்வாங்குக்காரருக்கு முன்னால் நடப்பது வேறு யாருடையவோ அலுவல் மாதிரி ஆகிவிடும். வட்டக் கோயிலில் நாங்களே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எதிரே இருக்கிறவரின் சட்டை, அவர் மகளின் மாலை, பக்கத்துப் பெடியனின் கொட்டாவி என்று பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

சுவாமி ஏன் முதுகைக் காட்டினார்?

"அந்தக் காலத்தில் சுவாமி சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசை வைத்தார்" என்று சொல்வதுண்டு, ஏதோ கோபத்தில் திரும்பி நின்றவர் மாதிரி. கோணேசர் கோயிலில் குருக்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்? மூலவரைத்தான். அவர் முதுகைக் காட்டுகிறார் என்று அங்கே யாரும் முறைப்பட்டதாக நான் கேட்டதில்லை. தீபாராதனை முடிந்ததும் தட்டோடு திரும்பி எங்களிடம் வருவார். பழைய பூசையும் ஏறக்குறைய அப்படித்தான். வேண்டுதல் சொல்லும்போது பீடத்தைப் பார்ப்பார், வாழ்த்துச் சொல்லவும் நற்கருணை கொடுக்கவும் எங்கள் பக்கம் திரும்புவார்.

ஆதியில் இதற்குக் கணக்கு, திசைதான். கிறிஸ்தவர்கள் கிழக்கு நோக்கிச் செபித்தார்கள். உதிக்கிற சூரியன் உயிர்த்த கிறிஸ்துவுக்கு அடையாளம். அவர் திரும்பி வருவதும் கிழக்கிலிருந்து மின்னல் வருவது போல இருக்கும் என்கிறது மத்தேயு நற்செய்தி. திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்குக் கிழக்கு என்றால் கடல். விடியல் தண்ணீருக்குள்ளிருந்துதான் ஏறி வரும். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் வாசல் கிழக்கே இருப்பதால், அங்கே பீடத்தில் நின்று கிழக்கே பார்க்கிற பாப்பரசர் சனத்தையும் பார்த்தபடிதான் நிற்பார். திசையை விட்டுவிட்டு முகம், முதுகு என்று மட்டும் பேசினால் இந்தச் சங்கதி பிடிபடாது.

சரி, யார் திருப்பியது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. திருவழிபாடு பற்றிய அதன் ஏடு 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளிவந்தது. அதில் சுவாமி சனத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. பேழையை நகர்த்தச் சொல்லவில்லை. முழந்தாளிட்டு நற்கருணை வாங்குகிற கிராதியை உடைக்கச் சொல்லவும் இல்லை. லத்தீனை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை: லத்தீன் இருக்கட்டும், ஆனால் மக்கள் மொழிக்கு இன்னும் இடம் கொடுக்கலாம் என்றது. கிரகோரியன் பாடலுக்கு (திருச்சபையின் பழைய லத்தீன் பாட்டுமுறை) முதலிடம், ஓர்கனுக்கு மதிப்பு என்றது. அதே மூச்சில், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசைக்கு உரிய இடம் கொடுங்கள் என்றும் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக அது கேட்டது ஒன்றே ஒன்று: சனம் முழுமையாக, அறிந்து, ஈடுபட்டுப் பங்குபற்ற வேண்டும். உரிய இடத்தில் மௌனமும் வேண்டும் என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. அந்த வரியை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்துச் சுற்றிவர நடக்கக்கூடியதாக, சனத்தைப் பார்த்துப் பூசை வைக்கக்கூடியதாக அமைப்பது நல்லது என்றது 1964 செப்டெம்பரில் ரோமிலிருந்து வந்த ஒரு செயல்முறைக் குறிப்பு. ஆறாம் பவுல் பாப்பரசர் 1969இல் புதிய பூசைப் புத்தகத்தை வெளியிட்டார். அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக்காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் புத்தகத்தின் குறிப்புகளில்கூடச் சில இடங்களில் "சனத்தை நோக்கித் திரும்பி" என்று இருக்கிறது. அதற்கு முன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடும் என்று வைத்துத்தானே அப்படி எழுத முடியும்?

ஆக, சங்கம் ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவால் எதையெதை உள்ளே கொண்டுவருவது என்று தீர்மானித்தவர்கள் பின்னால் வந்த குழுக்களும் ஆயர்களும் பங்குச் சுவாமிமாரும் நாங்களும்.

"அந்தக் காலம்" எந்தக் காலம்?

இப்போது பெரியவர் பக்கம் திரும்புவோம். "முந்தி" என்று அவர் சொல்வது தன் சின்ன வயதை. ஆனால் திருச்சபைக்கு வயது இரண்டாயிரம். பேழையைப் பெரிய பீடத்தின் நடுவில் வைப்பது ஆதியிலிருந்து வந்த வழக்கம் இல்லை. மிலானில் கார்லோ பொரோமேயோ ஆயர் கோயில் கட்டுவது பற்றி 1577இல் எழுதிய விதிகளில் அப்படிச் சொன்னார். அதற்குப் பின்தான் அது பரவியது. அதற்கு முன் சுவர் மாடத்திலும் வைத்தார்கள், பீடத்துக்கு மேலே தொங்கவும் விட்டார்கள். ஞாயிறு நாளில் முழந்தாளிடக் கூடாது, உயிர்ப்பின் நாள் என்பதால் நின்றுதான் செபிக்க வேண்டும் என்று 325இல் நிசேயா சங்கமே சட்டம் போட்டிருந்தது!

கையில் நற்கருணை வாங்குவதைப் பற்றி இன்னும் சுவையான ஒரு சேதி உண்டு. நான்காம் நூற்றாண்டில் யெருசலேமில் சிரில் ஆயர் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: இடது கையை வலது கைக்குச் சிம்மாசனமாக வை, ஏனெனில் அரசரை வாங்கப் போகிறாய், உள்ளங்கையைக் குழித்து வாங்கு, ஒரு துகள்கூட விழாமல் பார். குருக்களிடம் திருநீறு வாங்குகிற எங்கள் ஊர்க்காரரைப் பாருங்கள். இடது கை கீழே, வலது கை மேலே, தலை கொஞ்சம் குனிந்து. சொன்னவரும் செய்கிறவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒற்றைக் கையை நீட்டிப் பஸ் டிக்கெட் வாங்குவது மாதிரி வாங்குவதில்தான் குறை. கையில் என்பதில் இல்லை.

பாட்டுக் குழப்பமும் சங்கத்துக்கு முந்தியது. இத்தாலியக் கோயில்களில் நாடக மேடைப் பாணிப் பாட்டுகள் நுழைந்துவிட்டன என்று பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1903இல் கண்டித்து எழுதி, பியானோவையும் மேளதாளத்தையும் கோயிலுக்குள் தடை செய்தார். லத்தீன் பூசை கொடிகட்டிப் பறந்த காலம் அது!

எங்கள் அம்மம்மா சொல்வார்: "சுவாமி லத்தீனில ஏதோ சொல்லுவார். நாங்கள் பாயில இருந்து செபமாலை சொல்லுவம். மணி அடிச்சா நிமிர்ந்து பாப்பம், கும்பிடுவம், திரும்பவும் செபமாலை." அவருடைய பக்தியில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் நடக்கிற பூசை ஒரு பக்கம், சனத்தின் செபம் ஒரு பக்கம். சங்கம் சரிசெய்யப் பார்த்தது இந்த இடைவெளியைத்தான்.

தமிழ் வந்ததால் மரியாதை குறைந்தது என்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றித் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இழுத்து வாசிக்கும்போது கண்கலங்கிய சனத்துக்கு லத்தீன் ஒரு சொல் தெரியாது.

ஒரு சின்னச் சுருக்கம்: முழந்தாள், கை, பேழை, பாட்டு எல்லாமே காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பழசு என்பதால் ஒன்று பக்தியாகிவிடாது, புதுசு என்பதால் அசட்டையும் ஆகிவிடாது.

எளிமை வேறு, அசட்டை வேறு

அப்படியென்றால் பெரியவரின் ஆதங்கம் வெறும் பழசின் மயக்கமா? இல்லை. இங்கே நான் அவர் பக்கம்.

சங்கத்தின் ஏடு வழிபாட்டுக்கு உயரிய எளிமை வேண்டும் என்றது. எளிமை என்றால் தேவையில்லாததை எடுத்துவிட்டு இருப்பதை நன்றாகச் செய்வது. அசட்டை என்றால் எப்படியும் செய்யலாம் என்று விடுவது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துக்குக் கட்டிய சிற்றாலயம் முழுக்க நவீனம். பழைய பாணிச் சோடனை எதுவும் இல்லை, ஆனால் உள்ளே போனால் குரல் தணியும். மாறாக, எங்கள் மாவட்டத்தில் நான் போன ஒரு கோயிலில் பீடத்துக்குப் பின்னால் நிறம் மாறி மாறி ஓடுகிற மின்விளக்குச் சரம், தூசு படிந்த பிளாஸ்டிக் ரோஜா, அதன் மேல் ஒரு புரொஜெக்டர் திரை. எழுந்தேற்ற நேரத்தில் திரையில் அடுத்த பாட்டின் வரிகள் ஏறி வந்தன. பீடத்தில் அப்பம் உயர, சனத்தின் கண்ணெல்லாம் திரையில். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. வாத்தியார் குழம்பிவிட்டார், அவ்வளவுதான்.

சுவாமி சனத்தைப் பார்த்து நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முகம் தெரியத் தெரிய, அவருடைய குணமும் பகிடியும் பெரிதாகிக்கொண்டு போகும். "காலை வணக்கம்! என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்று தொடங்கினால் அது ரூபவாஹினி நிகழ்ச்சி மாதிரி ஆகிவிடுகிறது. பூசை உடுப்பின் வேலையே அவருடைய சொந்தச் சட்டையை மறைப்பது. சிவப்பெழுத்துக் குறிப்புகள் அவருடைய சொந்த யோசனையை மறைக்கின்றன. சிவப்பெழுத்து என்பது பூசைப் புத்தகத்தில் எங்கே நிற்க, எப்போது குனிய, எப்போது மௌனமாக இருக்க என்று சிவப்பு மையில் அச்சிட்ட வழிகாட்டல். வாயால் சொல்வது கறுப்பில் இருக்கும். யாரும், குருவானவரே ஆனாலும், தன் விருப்பத்துக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று எழுதி வைத்ததும் அந்த 1963ஆம் ஆண்டு ஏடுதான். சங்கத்தைச் சாட்டிச் செய்த பல கூத்துகள் சங்கம் தடுத்த கூத்துகள்.

உள்ளூர்ப் பழக்கம் மரியாதையைக் குறைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். இந்திய ஆயர்கள் கேட்டதற்கு ரோம் 1969 ஏப்ரல் 25ஆம் திகதி 12 மாற்றங்களுக்கு இசைந்தது: செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் இருக்கலாம், முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழக் குனியலாம், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். இப்படி ஒரு மக்களின் வணக்கமுறை வழிபாட்டுக்குள் வந்து சேர்வதைப் பண்பாட்டுமயமாதல் என்பார்கள். கவனித்தீர்களா, அந்தப் பட்டியலில் வந்தவையெல்லாம் எங்கள் பண்பாட்டின் மரியாதைப் பழக்கங்கள். பண்பாடு என்ற பெயரில் சினிமா மெட்டைக் கொண்டுவந்து நற்கருணை வாங்குகிற நேரத்தில் போடுவது வேறு கதை. மெட்டு வந்ததும் மனதில் படத்தின் காட்சிதான் ஓடும். பாடுகிற பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை.

இணையத்தில் லத்தீன் பூசை வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதுதான் உண்மையான பூசை என்று சொல்கிற இளசுகளையும் இப்போது காண்கிறேன். அந்தப் பழைய முறைக்கு 2007இல் பதினாறாம் பெனடிக்ட் பரந்த அனுமதி கொடுத்தார்; பிரான்சிஸ் பாப்பரசர் 2021இல் அதை இறுக்கினார். அது தனிக் கட்டுரைக்கான விடயம். அந்தப் பிள்ளைகள் தேடுவது லத்தீனையா, ஒரு மணி நேர அமைதியையா என்று ஒருமுறை அவர்களிடமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். அடுத்த ஞாயிறு பூசைக்குக் கால் மணி நேரம் முந்திப் போய்க் கடைசி வாங்கில் இருங்கள். போனை வெளியே எடுக்க வேண்டாம். கண்ணை மூடி, திறந்து, அது முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். போன கிழமை நான் செய்தபோது முதலில் பட்டது ஸ்பீக்கர் பெட்டி. பிறகு ஃபான். பிறகு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரு வயதான அம்மா. அந்தக் கோயிலில் யாரும் கழற்றுவதில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, வாங்கின் முனையைப் பிடித்து மெல்ல மெல்ல ஒரு முழந்தாளை இறக்கினார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். திரைக்கும் பூச்சாடிக்கும் நடுவில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.